வெற்றி நாளும் திருநாளும்



மக்கபேயர் முதலாம் ஆகமத்தின் ஏழாம் அதிகாரத்தை வாசித்தால், ஒரு யுத்த வெற்றியைச் சனங்கள் வருஷாந்தரத் திருநாளாக ஏற்படுத்திய வரலாற்றைக் காண்பீர்கள். நிக்கானோர் என்பவன் சீரியா தேசத்து இராசாவின் சேனாதிபதி. ஜெருசலேம் தேவாலயத்தைச் சுட்டெரிப்பேன் என்று ஆணையிட்டு, அங்கிருந்த குருக்களை ஏளனம் செய்தவன். யூதாஸ் மக்கபேயு சொற்ப சேனையோடு அவனை எதிர்த்து நின்றார். கி.மு. 161-ம் வருஷம், ஆதார் மாதம் 13-ம் தேதி நடந்த சண்டையில் நிக்கானோரே முதலில் விழுந்தான். அவன் தலையையும், தேவாலயத்துக்கு விரோதமாக நீட்டிய வலது கையையும் வெட்டி ஜெருசலேமுக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். சனங்கள் மிகுந்த சந்தோஷமடைந்து, அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாட வேண்டுமென்று தீர்மானித்தார்கள். அதன்பின் தேசம் கொஞ்சக் காலம் அமைதியாயிருந்தது என்று ஆகமம் சொல்லுகிறது. கொஞ்சக் காலம்தான். இரண்டு அதிகாரம் தள்ளிப் பார்த்தால் யூதாஸ் மக்கபேயுவே போர்க்களத்தில் மாண்டுகிடக்கிறார்.

அதே ஆகமத்தின் நாலாம் அதிகாரத்தில் வேறொரு நாள் வருகிறது. அதுவும் யுத்தத்துக்குப் பின் வந்த நாள்தான். ஆனால் அன்று யூதாசும் அவருடைய சகோதரரும் பகைவரைத் துரத்தியவுடன் கொட்டு முழக்கத்தோடு ஊர்வலம் போகவில்லை, தேவாலயத்துக்குப் போனார்கள். அது பாழாய்க் கிடந்தது. வாசல்கள் எரிந்துபோயிருந்தன, முற்றத்தில் செடி கொடி மண்டியிருந்தது. அதைக் கண்டு அழுதார்கள். பின்பு தீட்டுப்பட்ட பீடத்தை இடித்துவிட்டுப் புதுப் பீடம் கட்டி, கி.மு. 164-ல் கஸ்லேயு மாதம் 25-ம் தேதி பலி ஒப்புக்கொடுத்து, எட்டு நாள் திருநாள் கொண்டாடினார்கள்.

இந்த இரண்டு நாட்களுக்கும் பிற்காலத்தில் நேர்ந்ததைக் கேளுங்கள். நிக்கானோர் நாள் வழக்கொழிந்து போயிற்று. இன்றைக்கு ஆதார் 13-ம் தேதி யூதருக்கு உபவாச நாள். எஸ்தேர் இராணியின் உபவாசம் என்று அதற்குப் பெயர். பீடத்தைப் புதுப்பித்த நாளோ 2,100 வருஷங்களுக்கு மேலாகியும் அவர்கள் வீடுதோறும் விளக்கேற்றிக் கொண்டாடப்படுகிறது. நமது ஆண்டவராகிய சேசுநாதரும் அந்தத் திருநாளன்று, குளிர்காலத்தில், தேவாலயத்திலே சாலமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று அர்ச். அருளப்பர் தமது சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். நிக்கானோருடைய தலை தொங்கின நாளுக்கு ஆண்டவர் போனதாக எந்தச் சுவிசேஷகரும் எழுதவில்லை.

இதை இப்போது ஏன் எடுத்துச் சொல்லுகிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நம் பங்கு வாலிபர் சங்கத்தார் சென்ற மாதம் ஒரு தர்க்கம் வைத்தார்கள். டிசம்பர் 16-ம் தேதியை, அதாவது 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் சேனை நம் சேனைக்குச் சரணடைந்த நாளை, நம் தேசத்தில் அரசாங்க விடுமுறை நாளாக்கலாமா கூடாதா என்பது விஷயம். அந்த நாள் வெற்றி நாள் என்ற பெயரோடு வருஷந்தோறும் அநுசரிக்கப்படுகிறது. ஆனால் விடுமுறை நாளல்ல. நம் நாட்டின் தேசிய விடுமுறை நாட்கள் மூன்று: ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. இவற்றில் ஒன்றும் போர்க்களத்து வெற்றியைக் குறித்ததல்ல என்று ஒரு பிள்ளை எடுத்துச் சொன்னானாம். நல்ல பேச்சு. ஆனால் தர்க்கம் சூடேறி, கடைசியில் தேசப் பற்றில்லாதவன் என்ற வார்த்தையும் வாயிலிருந்து வந்துவிட்டது. மறுநாள் நாலைந்து பேர் அறைவீட்டுக்கு வந்தார்கள். அரசாங்கம் விடுமுறை விட்டாலும் விடாவிட்டாலும் நம் கோவிலில் அந்த நாளைக் கொண்டாட வேண்டும். பூசை முடிந்தவுடன் பெரிய மணி அடித்து, நன்றிக் கீதம் பாடி, கோவில் வளாகத்தில் வெடி போட வேண்டும் என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பி வைத்தேன். அந்த யோசனைதான் இது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டைக் காக்கப் போகிறவனைத் திருச்சபை ஒருநாளும் இழிவாக நினைத்ததில்லை. அர்ச். ஸ்நாபக அருளப்பரிடத்தில் போர்ச் சேவகர்கள் வந்து தாங்கள் என்ன செய்யவேண்டுமென்று கேட்டபோது, அவர் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருவரையும் துன்பப்படுத்தாமல், தங்கள் சம்பளத்தோடு திருப்தியாயிருக்கச் சொன்னார். நூற்றுவர் தலைவனுடைய விசுவாசத்தைக் கண்டு ஆண்டவரே அதிசயித்தார். நம் பங்கிலும் பட்டாளத்தில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் இராக்காவல் இருப்பதால் நாம் தூங்குகிறோம். அபாயம் நீங்கினபோது சர்வேசுரனுக்கு நன்றி செலுத்துவது புண்ணியம், செலுத்தாமலிருப்பது நன்றிகேடு. ஆகவே நன்றி சொல்லலாமா என்பதல்ல கேள்வி. எதை நினைத்து நன்றி சொல்லுகிறோம், எந்த மனதோடு சொல்லுகிறோம், அதிலே யாரை வெளியே நிறுத்திவிடுகிறோம் என்பதே கேள்வி.

வந்த பிள்ளைகளில் ஒருவன் நன்றாகவே கேட்டான்: “சுவாமி, அக்டோபர் 7-ம் தேதி நாம் கொண்டாடுகிற செபமாலைத் திருநாளே ஒரு யுத்த வெற்றிக்காக வந்ததுதானே? திருச்சபை செய்யலாம், தேசம் செய்யக்கூடாதா?” இதற்குப் பதில் சொல்லாமல் நழுவிவிட முடியாது.

அவன் சொன்னது சரித்திரப்படி மெய். 1571-ம் வருஷம் அக்டோபர் 7-ம் தேதி, கிரேக்க தேசத்துக் கடலோரமான லெப்பாந்தோவுக்கு அருகில், ஸ்பெயின், வெனிஸ், பாப்பரசர் ஆகியோரின் கப்பற்படை துருக்கியர் கப்பற்படையை முறியடித்தது. துருக்கியருடைய கப்பல்களில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் துடுப்புத் தள்ளிக்கொண்டிருந்த கிறிஸ்தவ அடிமைகள் சுமார் 12,000 பேர் விடுதலையானார்கள். (கிறிஸ்தவர்களுடைய கப்பல்களிலும் சங்கிலியிட்ட அடிமைகள் துடுப்புத் தள்ளினார்கள் என்பதை நாம் சொல்லாமல் விட்டுவிடுவது வழக்கம்.) அர்ச். 5-ம் பத்திநாதர் அப்போது பாப்பரசர். உரோமையில் செபமாலைச் சபையார் மாதாவின் உதவியைக் கேட்டு மன்றாடினதை மனதில் வைத்து, அவர் அந்த நாளுக்கு வெற்றியின் மாதா என்று பெயரிட்டார்.

ஆனால் அதற்கு அடுத்தபடி நடந்ததைக் கவனியுங்கள். 5-ம் பத்திநாதர் 1572 மே மாதத்தில் இறந்தார். அவருக்குப் பின் வந்த 13-ம் கிரகோரியார் 1573-ல் அந்தத் திருநாளின் பெயரை மாற்றி, செபமாலைத் திருநாள் என்று ஏற்படுத்தினார். வெற்றி என்ற வார்த்தை போயிற்று, செபமாலை நின்றது. அதே 1573-ம் வருஷத்தில் வெனிஸ்காரர் தனியாகத் துருக்கியரோடு சமாதானம் பேசி, சைப்ரஸ் தீவையும் விட்டுக்கொடுத்து, பணமும் கட்டினார்கள். எந்தத் தீவை மீட்க வேண்டுமென்று சண்டைக்குப் போனார்களோ அந்தத் தீவே கைவிட்டுப் போயிற்று. உலக வெற்றியின் ஆயுசு இரண்டு வருஷம். செபமாலைக்கோ இன்னும் முடிவில்லை. இன்று நம் வீட்டுத் தாய்மார் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் செபமாலை சொல்லும்போது, எத்தனை கப்பல் மூழ்கிற்று என்றா நினைக்கிறார்கள்? மங்கள வார்த்தையையும், பெத்லகேமையும், கல்வாரியையும் நினைக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் உங்களில் அநேகருக்குத் தெரியாது. லெப்பாந்தோவில் பிடிபட்ட துருக்கியர் கொடி ஒன்று உரோமையில் ஏறக்குறைய 400 வருஷம் காக்கப்பட்டிருந்தது. 1965-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் அதைத் துருக்கி தேசத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். கேட்கச் சிறு காரியம்போலத் தோன்றும். ஆனால் வீட்டில் பிடிபட்ட பொருளை மாட்டி வைத்துப் பெருமை பேசுகிறவன் பகையாளியோடு ஒரே பந்தியில் உட்கார முடியாது. நம் தெருவிலேயே முகமதிய சகோதரர் குடும்பங்கள் இருக்கின்றன. அக்டோபரில் நாம் மாதா சுரூபத்தைச் சுமந்து அவர்கள் வாசல் வழியாகத்தான் போகிறோம். அவர்கள் வாசல் தெளித்துத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள். உங்கள் மூதாதையர் தோற்ற நாள் இது என்றா நாம் பாடிக்கொண்டு போகிறோம்? போனால் அது மாதாவுக்குச் செய்யும் தோத்திரமாயிருக்குமா?

இவ்விதம் திருச்சபை வேறு நாட்களிலும் செய்திருக்கிறது. 1456-ல் பெல்கிரேடு நகரம் முற்றுகையிலிருந்து தப்பினது. அந்தச் செய்தி ஆகஸ்டு 6-ம் தேதி உரோமையை எட்டினது. 3-ம் கலிஸ்துஸ் பாப்பரசர் அதன் ஞாபகமாக அந்தத் தேதியில் ஆண்டவர் மறுரூபமான திருநாளைத் திருச்சபை முழுவதும் கொண்டாடும்படி 1457-ல் கட்டளையிட்டார். பெல்கிரேடை இன்று யார் நினைக்கிறார்கள்? தாபோர் மலையின் ஒளியைத்தான் நினைக்கிறோம். அதே ஆகஸ்டு 6-ம் தேதியில்தான் 1945-ல் ஹிரோஷிமா நகரத்தின்மேல் வேறொரு வெளிச்சம் விழுந்தது என்பதையும் நினைக்கிறோம். அதுவும் ஒரு பக்கத்தாருக்கு வெற்றிதான். அதைத் திருநாளாக்க யாருக்கு மனம் வரும்?

ஆகையால் அந்தப் பிள்ளைக்கு என் பதில் இது: திருச்சபை சில வெற்றி நாட்களைத் தன் வசமாக்கினது உண்மைதான், ஆனால் நாள் செல்லச் செல்ல அவற்றிலிருந்து வெற்றியைக் கழற்றிவிட்டு, தேவ இரகசியத்தை அங்கே உட்கார வைத்தது. அப்படிச் செய்யாமல் வெற்றியையே பீடத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரான்சு தேசத்தின் வடகிழக்கில் சேடான் என்று ஓர் ஊர். 1870 செப்டம்பர் 1-ம் தேதி அங்கே பிரான்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் பெரிய யுத்தம் நடந்தது. மறுநாள் பிரான்சு சக்கரவர்த்தியான 3-ம் நெப்போலியன் சரணடைந்தார். அவரோடு சுமார் ஒரு இலட்சம் சேவகர் கைதிகளானார்கள். அடுத்த ஜனவரியில், பிரான்சு இராசாக்களின் அரண்மனையான வெர்சேய் மாளிகையின் கண்ணாடி மண்டபத்திலேயே ஜெர்மன் சாம்ராச்சியம் பிரகடனம் செய்யப்பட்டது. சேடான் ஊருக்குப் பக்கத்தில் பசேய் என்று ஒரு கிராமம்; அதைச் சுட்டெரித்தவர்கள் பவேரியா நாட்டுப் படையினர். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். வீடுகளுக்குள் இருந்து எதிர்த்து நின்ற பிரான்சுக்காரரும் கத்தோலிக்கர். இரு பக்கத்துப் பைகளிலும் செபமாலை இருந்திருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்ததும் செப்டம்பர் 2-ம் தேதியைத் தேசத் திருநாளாக்க வேண்டுமென்ற பேச்சு எழுந்தது. முதலில் அதற்காக முயன்றவர்களில் ஒருவர் பொடெல்ஷ்விங் என்ற புரோட்டஸ்டாண்டு போதகர். அவரைக் குறைவாகப் பேசக்கூடாது. காக்காய் வலிப்பு நோயாளிகளைப் பிறர் ஒதுக்கின காலத்தில் பீலபெல்டு நகரத்தில் அவர்களுக்காகப் பெத்தேல் என்ற இல்லத்தை நடத்தி, தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்த நல்ல மனிதர். வெற்றிக்குச் சர்வேசுரனைத் துதிக்கும் பக்தியான நாளாக அது இருக்கவேண்டுமென்று விரும்பினார். நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு தொடங்கினதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போவது உலகத்தில் புதிதல்லவே. சில வருஷங்களுக்குள் அது பீரங்கி முழக்கமும், பட்டாளத்து அணிவகுப்பும், சாயங்காலக் குடியுமான நாளாயிற்று. சக்கரவர்த்தி வில்லியம் அதைச் சட்டப்படியான தேசத் திருநாளாக ஏற்படுத்தவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடங்கள், நகரசபைகள், மாஜி சிப்பாய்கள் சங்கங்கள் மூலமாக அது ஊரெங்கும் பரவினது.

அந்தக் காலத்தில் மாயன்ஸ் நகரத்து மேற்றிராணியார் கெட்டலர் ஆண்டகை. தொழிலாளிகளின் கஷ்டத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் துணிந்து பேசினவர். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் தொழிலாளர் விஷயமாக நிருபம் எழுதுவதற்கு முன்பே அந்த வழியைத் திறந்தவர். ஜெர்மன் பாராளுமன்றத்திலும் அங்கத்தினராக இருந்தவர். ஆகையால் தேசத்தின்மேல் அவருக்கு அக்கறை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அவர் 1874-ல் தம் மேற்றிராசனத்துக் குருக்களுக்கு உத்தரவு அனுப்பினார்: சேடான் கொண்டாட்டத்துக்காகக் கோவில் மணி அடிக்கக்கூடாது, கோவிலில் அதற்காகச் சடங்கு நடத்தக்கூடாது.

ஏன்? அவர் சொன்ன காரணம் சுருக்கமாக இது. அந்தத் திருநாள் ஜெர்மன் சனங்கள் எல்லாரிடமிருந்தும் எழுந்ததல்ல. முக்கியமாக ஒரு கட்சியாரிடமிருந்து வந்தது. அந்தக் கட்சியார்தான் திருச்சபைக்கு விரோதமான போராட்டத்தில் முன்னணியில் நின்றார்கள். சேசுசபைக் குருக்கள் 1872-ல் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டிருந்தார்கள். அந்த 1874-ம் வருஷத்திலேயே கொலோன், திரியேர், போஸ்னான் மேற்றிராணிமார் சிறை வைக்கப்பட்டார்கள். சேடானில் இரத்தம் சிந்தின கத்தோலிக்கச் சேவகனின் பங்குச் சுவாமியார் ஊரில் துரத்தப்படுகிறார். அவனோ வெற்றிக் கொடியைப் பிடித்துக்கொண்டு கும்மாளம் போடவேண்டுமாம். வெளிச் சத்துருவைச் ஜெயித்த நாளைக் காட்டி, உள்ளேயுள்ள சகோதரனைச் சத்துரு என்று சுட்டிக்காட்டுவதற்கு அந்த நாள் உபயோகமாயிற்று. வராதவன் துரோகி! மணி அடிக்காதவன் துரோகி! கத்தோலிக்கரையும் தொழிலாளர் கட்சியாரையும் தேசத்துரோகிகள் என்று பத்திரிகைகள் ஏசின.

பிரியமானவர்களே, வெற்றி நாளைக் குறித்து எனக்குள்ள பயம் முக்கியமாக இதுதான். எதிரி தேசத்தை அவமானப்படுத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும். கொண்டாட்டம் தொடங்கினதும், யார் போதிய சத்தம் போடவில்லை என்று ஊருக்குள்ளேயே கண்கள் தேடத் தொடங்குகின்றன. நம் வாலிபர் சங்கத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடின ஒரு தர்க்கத்தில், எல்லாரும் ஒரே பீடத்தில் சற்பிரசாதம் வாங்குகிறவர்கள், அரை மணி நேரத்துக்குள் அந்த வார்த்தை வந்துவிட்டதல்லவா?

சேடான் நாள் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த நாளில் பாடினார்கள். எல்லைக்கு அப்பால் பிரான்சுப் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்தார்கள். இரு பக்கத்துப் பிள்ளைகளும் பெரியவர்களாகி 1914-ல் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். 1919-ல் ஜெர்மனி தோற்று உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டிவந்தபோது, பிரான்சுக்காரர் வேண்டுமென்றே அதே வெர்சேய் கண்ணாடி மண்டபத்தைத் தேர்ந்துகொண்டார்கள். அந்த வருஷத்தோடு சேடான் கொண்டாட்டம் நின்றது. ஆனால் கணக்கு முடியவில்லை. 1940 மே மாதத்தில் ஜெர்மன் சேனை மறுபடியும் பிரான்சுக்குள் உடைத்துக்கொண்டு நுழைந்த இடம் எது தெரியுமா? அதே சேடான்.

இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1962 ஜூலை 8-ம் தேதி, பிரான்சின் இராஷ்டிரபதி தெகோலும் ஜெர்மனியின் பிரதம மந்திரி அதெனாவரும் ரேன்ஸ் நகரத்து மேற்றிராசனக் கோவிலில் சேர்ந்து பூசை கண்டார்கள். இருவரும் கத்தோலிக்கர். 1914-ல் ஜெர்மன் பீரங்கிகள் சுட்டு எரித்த கோவில் அதுதான். 1945 மே மாதத்தில் ஜெர்மன் சேனை சரணடைந்து கையெழுத்திட்டதும் அதே நகரத்தில்தான். அந்த ஜூலை 8-ம் தேதிக்கு எந்த நாட்டிலும் விடுமுறை கிடையாது, பீரங்கியும் முழங்குவதில்லை.

பிரான்சுக்காரரும் இந்த விஷயத்தில் ஒரே மனதாய் இருந்ததில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மே 8-ம் தேதியை 1953-ல் விடுமுறையாக்கினார்கள். 1959-ல் விடுமுறையை எடுத்துவிட்டார்கள். 1975-ல் இராஷ்டிரபதி ஜிஸ்கார் தெஸ்தேன், ஜெர்மனியோடு சிநேகம் வளர வேண்டுமென்று அரசாங்கக் கொண்டாட்டத்தையே நிறுத்தினார். அதனால் மாஜி சிப்பாய்கள் மனம் நொந்தார்கள். 1981-ல் மறுபடியும் விடுமுறையானது. நொந்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுங்கோன்மையிலிருந்து விடுதலையான நாளை மறக்கச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? வங்காள தேசத்தார் டிசம்பர் 16-ம் தேதியை விடுமுறையாகக் கொண்டாடுவதும் அப்படியே. அவர்களுக்கு அது விடுதலை நாள். தங்கள் சொந்த மண்ணில் பட்ட பாடு ஓய்ந்த நாள். நமக்கு அது அண்டை வீட்டாருக்குச் செய்த உதவி வெற்றியில் முடிந்த நாள். இரண்டும் ஒன்றல்ல என்பது என் அபிப்பிராயம்.

வெற்றிக்குப் பின் ஒரு கிறிஸ்தவன் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு அர்ச். அம்புரோசியார் ஒரு சாட்சி சொல்லுகிறார். 394-ம் வருஷம் தெயோதோசியுஸ் சக்கரவர்த்தி, தமக்கு எதிராக எழும்பின ஒருவனைப் பிரிஜிதுஸ் ஆற்றங்கரையில் ஜெயித்தார். அது பேர்போன வெற்றி. ஆனால் யுத்தத்தில் எதிரிகள் மாண்டுபோனார்களே என்பதற்காக, அவர் சில காலம் தேவ நற்கருணை வாங்காமல் விலகி நின்றார். சக்கரவர்த்தி இறந்தபோது செய்த பிரசங்கத்தில் அர்ச். அம்புரோசியாரே இதைப் புகழ்ந்து சொல்லியிருக்கிறார். 1066-ல் இங்கிலாந்து தேசத்தை ஜெயித்த நார்மானியச் சேவகருக்கும், பிற்பாடு பாப்பரசரின் பிரதிநிதியும் மேற்றிராணிமாரும் தபசு விதித்தார்கள். தான் கொன்றதாக அறிந்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருஷம் தபசு! தோற்றவர்களுக்கு அல்ல, ஜெயித்தவர்களுக்கு. இந்தக் காலத்தில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மனிதனைக் கொல்லுவது, நியாயமான யுத்தத்திலுங்கூட, ஆத்துமத்தில் ஒரு காயத்தை உண்டாக்குகிறது என்பதை அந்தக் காலத்துக் குருக்கள் அறிந்திருந்தார்கள். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த மகன் இராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவதைப் பார்த்த தாய்மாரும் அதை அறிவார்கள்.

பாகிஸ்தான் தேசத்திலும் கத்தோலிக்கர் உண்டு. அந்தத் தேசத்துச் சேனையிலும் சேவித்தார்கள். லாகூரிலும் கராச்சியிலும் டாக்காவிலும் மேற்றிராசனங்கள் இருக்கின்றன. 1971 டிசம்பரில் நம் கோவிலில் மரித்தோருக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட அதே பூசைதான் லாகூரிலும் ஒப்புக்கொடுக்கப்பட்டது. பலியானவர் ஒருவரே. அன்று சரணடைந்து கைதிகளானவர்கள் சுமார் 93,000 பேர். 1972-ல் சிம்லாவிலும் 1973-ல் டில்லியிலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்குப் பின், 1974-க்குள் அவர்களை நாம் வீடுகளுக்கு அனுப்பிவைத்தோம். என்னைக் கேட்டால், நம் தேசம் பெருமைப்பட வேண்டிய செய்தி சரணடைந்த படத்தைவிட இதிலேதான் அதிகம். ஆனால் கடைசிக் கைதி வீடு போய்ச் சேர்ந்த நாளுக்கு வெடி போட வேண்டுமென்று இதுவரையில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நம் பங்கிலேயே அந்த யுத்தத்துக்குப் போனவர் திரும்பாத ஒரு வீடு இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மாள் வருஷந்தோறும் டிசம்பர் மாதத்தில் பூசைக்கு எழுதி வைக்கிறார்கள். வாலிபர் சங்கத்தார் வந்துபோன பிறகு நான் அவர்களிடம் போய், வெடி போட்டால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்குமா என்று கேட்டேன். “பிள்ளைகள் ஆசைப்படுகிறது, சுவாமி. நான் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்ளுகிறேன்” என்றார்கள். அவர்களைக் கதவைச் சாத்திக்கொள்ள வைக்கிற ஒரு கொண்டாட்டத்துக்கு நான் மணி அடிக்கமாட்டேன்.

விடுமுறை விடுவதும் விடாததும் அரசாங்கத்தின் காரியம். அதில் கிறிஸ்தவர்கள் இரு பக்கமும் பேசலாம். அதனால் விசுவாசத்துக்குப் பங்கமில்லை. இப்போதிருக்கிறபடியே, வேலை நாளாகவும் ஞாபக நாளாகவும் இருந்தாலே போதும் என்பது என் எண்ணம். விடுமுறை விட்டால் முதல் இரண்டு வருஷம் ஞாபகமிருக்கும். மூன்றாம் வருஷம் சாப்பாடும் சினிமாவும்தான் மிஞ்சும். ஆனால் கோவிலில் என்ன செய்வது என்பது என் பொறுப்பு. அதற்கு யூதாஸ் மக்கபேயுவே வழி காட்டியிருக்கிறார். மக்கபேயர் இரண்டாம் ஆகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒரு சண்டை முடிந்தபின் தம் ஆட்களின் பிரேதங்களை எடுத்து அடக்கம் செய்யப் போனபோது, அவர்களுடைய உடைக்குள் விக்கிரகங்களுக்குரிய பொருட்கள் இருந்ததைக் கண்டார். பாவத்தில் இறந்தவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடவில்லை. சேவகர்களிடம் வெள்ளிப்பணம் வசூலித்து, அவர்கள் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி ஜெருசலேமுக்கு அனுப்பினார். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக மன்றாடலாம் என்பதற்கு நாம் காட்டுகிற வேத அத்தாட்சிகளில் முக்கியமானது இந்த வசனம்தான். அது ஒரு போர்க்களத்திலிருந்து நமக்குக் கிடைத்தது.

ஆகவே டிசம்பர் 16-ம் தேதி காலை 6 மணிக்கு, யுத்தங்களில் இறந்த எல்லாருக்காகவும், நம் பக்கத்தாருக்காகவும் எதிர்ப்பக்கத்தாருக்காகவும், நடுவில் அகப்பட்டு மாண்ட ஏழைச் சனங்களுக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். மரித்தோருக்காக அடிக்கிற மணி அடிக்கப்படும். பூசைக்குப் பின் சமாதானம் வேண்டி 53 மணிச் செபம் சொல்லுவோம். வாலிபர் சங்கத்தார் வெடிக்கென்று சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தத் தீர்மானம் அவர்களில் இரண்டு மூன்று பேருக்குப் பிடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் என்னோடு இன்னும் தர்க்கம் பண்ணலாம், அறைவீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. அந்தப் பணம், அவர்கள் சம்மதத்தின்பேரில், பட்டாளத்தில் ஆளை இழந்த வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் உடுப்புக்காகச் செலவிடப்படும்.

இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுக்க விரும்புகிறவர்கள் டிசம்பர் 14-ம் தேதிக்குள் உபதேசியாரிடம் கொடுக்கவும். இப்போது பட்டாளத்தில் இருக்கிற பிள்ளைகளின் பெயரையும் தனித்தாளில் எழுதித் தரலாம். பாடகர்கள் 13-ம் தேதி சாயங்காலம் பாட்டுப் பழக வரவேண்டும்.